டயப்பர் வயதுப் பிள்ளையோடு கப்பல் பயணம்: சிங்கப்பூரிலிருந்து 4 இரவுகள்

கோவையைச் சேர்ந்த ஒரு தாய் கேட்டிருப்பது இது. மகளுக்கு நாலரை வயது. மகனுக்கு 2 வயது 4 மாதம், இன்னும் டயப்பர்தான். கணவர், தன் அம்மா ஆகியோரையும் சேர்த்து ஐந்து பேராக, டிசம்பர் விடுமுறையில் சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துத் திரும்பும் 4 இரவுப் பயணம் போக எண்ணியிருக்கிறார். பிள்ளைகளைக் கப்பலின் கிட்ஸ் கிளப்பில் விட்டுவிட்டுப் பெரியவர்கள் சற்று ஓய்வெடுக்க முடியுமா, அல்லது இந்த வயதில் இது வீண் செலவா என்பது அவருடைய கேள்வி.

தாராளமாகப் போகலாம், ஆனால் மகனைக் கிளப்பில் விட்டுவிடலாம் என்று நம்பிப் போகாதீர்கள். நான் சிங்கப்பூரில் வசிப்பவள். என் இரு பிள்ளைகளும் ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இருந்த காலத்தில் இங்கிருந்து நான்கு முறை அவர்களோடு கப்பலேறியிருக்கிறேன். முதல் பயணம் தடுமாற்றத்திலேயே கழிந்தது. நான்காவது பயணத்தில்தான் காபியை ஆறுவதற்கு முன் குடித்தேன். சிறு குழந்தைகளோடு செல்பவருக்குக் கப்பலில் உள்ள பெரிய வசதி கிட்ஸ் கிளப்போ நீர்ச்சறுக்கோ அல்ல. சாப்பிடும் இடம், விளையாடும் இடம், வேடிக்கை பார்க்கும் இடம் எல்லாவற்றிலிருந்தும் சில நிமிட நடையில் உங்கள் படுக்கை இருப்பதுதான். பக்கத்திலிருக்கும் ஊட்டிக்குப் போனாலும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி, அறை கிடைக்கும் வரை வரவேற்பறையில் காத்திருப்பு, தாவரவியல் பூங்காவின் நடுவில் தூக்கத்துக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது என்று பாதி நாள் போய்விடுவதை நீங்கள் அறிவீர்கள். கப்பலில் ஒருமுறை பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட்டால் ஊர்தான் மாறுகிறது, அறை மாறுவதில்லை. இந்த ஒரு வசதியை மனத்தில் வைத்து நாளைத் திட்டமிடுபவர்களுக்குக் கப்பல் பயணம் இனிக்கிறது. கட்டணப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அனுபவித்துவிட வேண்டும் என்று புறப்படுபவர்கள் மூன்றாம் நாளே சண்டை போட்டுக்கொள்கிறார்கள்.

கிட்ஸ் கிளப் விஷயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றங்கள் அங்கேதான் தொடங்குகின்றன. கப்பலில் ஏறுவதற்கு 6 மாதம் நிறைந்திருந்தால் போதும் என்பது பெரிய நிறுவனங்களின் பொது விதி. பல நாள் தொடர்ந்து நடுக்கடலிலேயே செல்லும் நெடும்பயணங்களுக்கு அது 12 மாதமாக உயர்கிறது. ஆனால் கட்டணமில்லாத கிட்ஸ் கிளப்பில் சேர்வதற்கு வேறொரு கோடு இருக்கிறது: 3 வயது நிறைந்திருக்க வேண்டும், டயப்பர் பழக்கமும் விட்டிருக்க வேண்டும். ராயல் கரீபியன், டிஸ்னி ஆகிய இரண்டும் இப்படித்தான். கார்னிவலோ 2 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு டயப்பரும் மாற்றிவிடுகிறது. அதனால்தான் அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளைகளோடு செல்வோர் பலர் அதைத் தேடிப் போகிறார்கள்.

இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்தே பொருந்த வேண்டும் என்பதைக் கவனியுங்கள். என் மூத்தவளுக்கு அப்போது 2 வயது 11 மாதம். டயப்பர் விட்டு மாதங்கள் ஆகியிருந்தன. ஒரு மாதம்தானே, நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நம் ஊர்ப் பழக்கத்தில் நினைத்துக்கொண்டு போனேன். கிளப் வாசலில் இருந்த பெண் கணினியில் பிறந்த தேதியைப் பார்த்தார், மிகவும் அன்பாகச் சிரித்தார், முடியாது என்றார். கண்ணாடிக்கு அப்பால் மற்றப் பிள்ளைகள் களிமண் உருட்டிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டதால், அடுத்த நான்கு நாளும் அந்தத் தாழ்வாரத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக நடந்தோம். அடுத்த பயணத்தில் வேறொரு குடும்பத்தின் 3 வயதுப் பையன், உள்ளாடைபோல் இழுத்துப் போடும் டயப்பர் அணிந்திருந்ததால் திருப்பி அனுப்பப்பட்டதையும் பார்த்தேன். அதுவும் டயப்பர்தான் என்பதே அவர்கள் கணக்கு.

ஆகவே உங்கள் மகள் கிளப்பில் சேரலாம், மகன் சேர முடியாது. டிசம்பரில் அவனுக்கு 2 வயது 9 மாதம் ஆகியிருந்தாலும் இதே நிலைதான். அவனுக்கு உள்ள வழி நர்சரி எனப்படும் குழந்தைகள் காப்பகம். ராயல் கரீபியனின் சில கப்பல்களில் 6 மாதம் முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளை மணிக் கணக்கில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொள்கிறார்கள், டிஸ்னி கப்பல்களிலும் அப்படிப்பட்ட காப்பகம் உண்டு. இவை எல்லாக் கப்பல்களிலும் இல்லை. உள்ள கப்பல்களிலும் இடம் குறைவு. பயணச்சீட்டு வாங்குவதற்கு முன், நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காமல், நீங்கள் ஏறப்போகும் அந்தக் கப்பலின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். மகள் விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நாலரை வயதுப் பிள்ளை முதல் நாள் அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அழுகை நிற்காவிட்டால் உங்களைக் கூப்பிட்டுவிடுவார்கள். கிளப் திறந்திருக்கும் முதல் மாலையிலேயே அவளோடு போய், அறையைச் சுற்றிப் பார்த்து, அவளுடைய ஆசிரியையின் பெயரைத் தெரிந்துகொண்டு வந்துவிட்டால் மறுநாள் பாதி வேலை முடிந்திருக்கும்.

டயப்பரை விடுவிக்கும் முயற்சியில் இருக்கும் பெற்றோர் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விஷயம் கப்பலின் கழிப்பறை. விமானத்தில் இருப்பதுபோல் காற்றை உறிஞ்சும் முறையில் இயங்குவதால், பொத்தானை அழுத்தியதும் ஒரு நொடி அமைதி, பிறகு திடீரென்று பெரும் உறுமல். வீட்டில் அழகாகப் பழகியிருந்த என் இளையவன் அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டதோடு சரி, பிறகு கேபினின் கழிப்பறை வாசலைத் தாண்ட மறுத்துவிட்டான். இரண்டு நாள் அடக்கி அடக்கி, மூன்றாம் நாள் பினாங்குக் கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில்தான் நிம்மதியானான். பிள்ளையைத் தூக்கி வெளியே அனுப்பி, மூடியைச் சாத்தி, அதன் பிறகே பொத்தானை அழுத்துங்கள். மடித்து எடுத்துச் செல்லும் சிறு இருக்கை வளையம் ஒன்றும் கூடவே இருக்கட்டும், கப்பல் இருக்கைகள் பெரியவர்கள் அளவில்தான் இருக்கும்.

நீச்சல் குளத்திலும் இதே கோடுதான். டயப்பர் அணியும் பிள்ளை, தண்ணீருக்கென்றே விற்கும் டயப்பரை அணிந்திருந்தாலும், குளத்தில் இறங்கக் கூடாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி, அந்நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களின் சுகாதாரத்தை ஆய்வு செய்ய 1970களிலேயே ஒரு திட்டம் தொடங்கியது. அதன் விதிகளையே பெரிய நிறுவனங்கள் ஆசியக் கடலிலும் கடைப்பிடிக்கின்றன. ஒரு குழந்தை குளத்தில் மலம் கழித்துவிட்டால் குளத்தை மூடிச் சுத்திகரிக்க வேண்டும் என்பதை நினைத்தால், விதி நியாயமாகவே தெரிகிறது. டயப்பர் பிள்ளைகளுக்கென்று தனியே வடிகட்டப்படும் நீர்த்தெளிப்பு மூலை சில கப்பல்களில் இருக்கிறது. உங்கள் கப்பலில் இல்லாவிட்டால் அக்காள் குளத்தில் குதிக்கத் தம்பி கரையில் நின்று கதறும் காட்சியை ஒவ்வொரு நாளும் காண்பீர்கள். ஊதிப் பெரிதாக்கும் சிறு தொட்டி ஒன்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டால் கேபின் குளியலறையில் அவனுக்கென்று ஒரு குளம் கிடைக்கும். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சாதாரண கேபின்களில் பெரும்பாலும் குளியல் தொட்டி இருக்காது, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஷவர் மூலை மட்டும்தான் இருக்கும். ஷவருக்குப் பயப்படும் பிள்ளையை அந்த மூலையில் நிறுத்திக் குளிப்பாட்டுவது, ஈரத் திரை முதுகில் ஒட்டிக்கொள்ள, சோப்புக் கையோடு ஒரு மீனைப் பிடிப்பதற்குச் சமம். நான் இப்போதெல்லாம் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்துச் செல்கிறேன்.

கேபின் தேர்வைப் பொறுத்தவரை, ஐந்து பேருக்கு ஒரே அறை கிடைப்பது அரிது. கைக்குழந்தையானாலும் கப்பலில் அது ஒரு முழு ஆள்தான். உயிர்காப்புப் படகில் இடம் எண்ணுவது தலைக்கணக்கில் என்பதால், நான்கு பேர் அறையில் ஐந்தாவதாக மடியில் வைத்துக்கொள்கிறோம் என்று சொல்ல முடியாது. உள்ளே ஒரு கதவால் இணைந்த இரண்டு அறைகளை எடுத்து, ஒன்றில் நீங்களும் மகனும் கணவரும், மற்றதில் பாட்டியும் பேத்தியும் இருப்பதே நல்லது. இரவு எட்டு மணிக்குப் பிள்ளைகளை ஒரு பக்கம் தூங்கவைத்துவிட்டு மறு பக்கம் விளக்கைப் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டிருக்கலாம். ஒரே அறையில் இருந்தால் எட்டரை மணிக்கு எல்லோரும் இருட்டில் மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும். கம்பித் தடுப்புள்ள குழந்தைக் கட்டில் வேண்டும் என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. சுவரிலிருந்து மடக்கி இறக்கும் மேல் படுக்கையில் 6 வயதுக்குக் குறைந்தவர்களைப் படுக்கவைக்க வேண்டாம். ஜன்னலில்லாத உள் அறையைப் பலர் இழிவாக நினைக்கிறார்கள்; பட்டப்பகலிலும் கும்மிருட்டாக இருக்கும் அந்த அறையில் என் பிள்ளைகள் மதியம் இரண்டரை மணி நேரம் தூங்கினார்கள். சிறு இரவு விளக்கு ஒன்று மட்டும் கொண்டுபோனால் போதும்.

பால்கனி அறை எடுக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அமெரிக்காவில் 2010இல் வந்த கப்பல் பாதுகாப்புச் சட்டம் தடுப்புக் கம்பி குறைந்தது 42 அங்குலம், அதாவது ஏறத்தாழ 107 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. நாலரை வயதுப் பிள்ளையின் தலைமட்டம் அது. ஆபத்து கம்பியின் உயரத்தில் இல்லை, அதற்குப் பக்கத்தில் கிடக்கும் நாற்காலியில்தான் இருக்கிறது. பால்கனி எடுத்தால், அறைப் பணியாளரிடம் சொல்லி நாற்காலிகளையும் சிறு மேசையையும் உள்ளே போடச் செய்யுங்கள், கதவின் மேல் தாழ்ப்பாளை எப்போதும் போட்டிருங்கள். வேடிக்கை காட்டுவதற்காகப் பிள்ளையைத் தூக்கிக் கம்பிமேல் உட்கார வைக்கும் பழக்கத்தைத் தாத்தா பாட்டிகளுக்கும் சேர்த்து முதல் நாளே தடை செய்துவிடுங்கள். 2019இல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் நின்றிருந்த ஒரு கப்பலில், தாத்தா தூக்கிப் பிடித்திருந்த ஒன்றரை வயதுக் குழந்தை திறந்திருந்த ஜன்னல் வழியே விழுந்து இறந்தது. நான் பால்கனிக்குப் பதில் ஜன்னல் அறை எடுப்பவள். என் மன நிம்மதிக்காக அப்படிச் செய்கிறேனே தவிர, அது எல்லோருக்கும் விதியல்ல.

புறப்படுவதற்கு முன் பாதுகாப்புப் பயிற்சி கட்டாயம். 2012இல் இத்தாலிக் கடற்கரையில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அதில் அன்று ஏறிய பலர் இன்னும் பயிற்சிக்குப் போயிருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது. குழந்தை அளவு லைஃப் ஜாக்கெட் அறையில் இருக்கிறதா என்று அலமாரியைத் திறந்து நீங்களே பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டால் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆபத்து நேரத்தில் கூட வேண்டிய இடத்தின் எண் அச்சிட்ட கைப்பட்டையைப் பிள்ளைகளுக்குக் கட்டுவது பல கப்பல்களில் வழக்கம். குளிக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டாம். குளத்தருகே உயிர்காப்பாளர் எல்லாக் கப்பலிலும் நிற்பதில்லை, நின்றாலும் அவரை நம்பித் தலையைத் திருப்பாதீர்கள்.

இனி சாப்பாடு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் பயணத்தின் பாதிக் கவலை இதுதான். ரைஸ் குக்கர், மின்கெண்டி, தண்ணீரில் போட்டுச் சூடாக்கும் கம்பிச்சுருள் போன்றவை தீ அபாயத்தால் கப்பலில் தடை செய்யப்பட்டவை. பெட்டியை ஊடுகதிரில் பார்த்ததும் எடுத்து வைத்துக்கொண்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள். அந்த வரிசையில் இட்லித் தட்டோடு நின்ற ஒரு பாட்டியை நான் பார்த்திருக்கிறேன். உண்மையில் அவை தேவையும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல்களில் இந்தியப் பயணிகள் எண்ணிக்கை அதிகம் என்பதால் பஃபேயில் வெறும் சோறும் பருப்பும் ஏறக்குறைய தினமும் இருக்கும். காலை உணவு வரிசையில் இனிப்புச் சேர்க்காத தயிர் இருக்கும். ஒரு கிண்ணத்தில் சோற்றை எடுத்து, வெந்நீர் ஒரு கரண்டி விட்டுக் கரண்டியின் பின்புறத்தால் மசித்து, தயிரும் உப்பும் சேர்த்தால் உங்கள் மகனுக்கு மூன்று வேளையும் தீர்ந்தது. கப்பலின் சோறு நம் சோறுபோல் குழைவதில்லை, ஆகவே அந்த வெந்நீரை மட்டும் மறந்துவிடாதீர்கள். இரவு உணவுக்கூடத்தில் முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரைச் சந்தித்து, குழந்தைக்குக் காரமில்லாத பருப்பும் பாட்டிக்குச் சைவமும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அவர் கோவாக்காரராகவோ கேரளத்தவராகவோ இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு, மறுநாள் உங்களைத் தேடி வந்து கேட்பார்.

பால் கிடைக்கும், ஆனால் அது உங்கள் வீட்டுப் பாலின் ருசியில் இருக்காது. பாட்டிலில் குடிக்கும் பிள்ளையானால், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அட்டைப் பெட்டிப் பாலைப் பழக்கிப் பாருங்கள். பால் பவுடர், செரிலாக் போன்றவற்றைப் பிரிக்காத கடைப் பாக்கெட்டாகவே எடுத்துச் செல்லுங்கள்; வீட்டில் அரைத்த சத்துமாவு எவ்வளவுதான் நல்லதானாலும் சோதனையில் கேள்வி எழும், அதைக் காய்ச்சவும் அங்கே அடுப்பில்லை. டயப்பரைப் பொறுத்தவரை, கப்பல் கடையில் கிடைக்காது என்று வைத்துக்கொண்டு நாளுக்கு ஏழு என்ற கணக்கில் கொண்டுபோங்கள். இரவு உணவுக்கு இரண்டு பந்தி இருந்தால் மாலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கும் முதல் பந்தியைக் கேட்டு வாங்குங்கள். அப்போதும் முழுச் சாப்பாடு முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். மகனுக்கு முன்பே பஃபேயில் ஊட்டிவிட்டு, மேசைக்கு வரும்போது அவன் கையில் ஒரு ரொட்டித் துண்டும் நிறமெழுதும் தாளும் இருந்தால் நீங்கள் சூடாகச் சாப்பிடலாம்.

கடல் குமட்டலுக்கு வருவோம். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இது அரிதாகவே வருகிறது. 2 முதல் 12 வயது வரையுள்ளவர்களையே அதிகம் தாக்குகிறது, எனவே உங்கள் இரு பிள்ளைகளும் அந்த வயதில்தான் இருக்கிறார்கள். ஆனால் மலாக்கா நீரிணை ஒரு பக்கம் சுமத்ராவும் மறுபக்கம் மலாயாத் தீபகற்பமும் அணைத்து நிற்கும் கடல்; பெரிய கப்பலில் பல வேளைகளில் அசைவே தெரியாது. புக்கெட் இருக்கும் அந்தமான் கடல் தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும், டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அமைதியாக இருக்கும். சென்னையிலிருந்து 2022 ஜூனில் தொடங்கிய கோர்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பலோடு ஒப்பிட்டுச் சிலர் பயமுறுத்துவார்கள். அது 1990இல் கட்டப்பட்டது, சுமார் 48,500 டன் கொள்ளளவுடையது, திறந்த வங்கக்கடலில் சென்றது. சிங்கப்பூரிலிருந்து சென்றுவந்துள்ள ராயல் கரீபியனின் குவாண்டம் வகைக் கப்பல்கள் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் பெரியவை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் அறை எடுத்தால் அசைவு இன்னும் குறையும்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். நம் ஊரில் பேருந்துப் பயணத்துக்கு முன் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் அவோமின் மாத்திரையில் இருப்பது புரோமெத்தசின். மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால் அதை 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004இல் கடும் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் மகன் அந்த வயதைச் சற்றுத்தான் தாண்டியிருக்கிறான். பாதி உடைத்துக் கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பெரியவர்கள் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் மருந்துப் பட்டையும் பிள்ளைகளுக்கு ஆகாது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கிளம்புவதற்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடமே எழுதி வாங்குங்கள். காய்ச்சல் மருந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி, வெப்பமானி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். கப்பலில் மருத்துவரும் செவிலியரும் உண்டு, ஆனால் பொதுவாகக் குழந்தை நல மருத்துவர் இருக்கமாட்டார், ஒவ்வொரு முறையும் நல்ல கட்டணம் வாங்குவார்கள். கடலிலிருந்து கரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு இல்லாமல் பிள்ளைகளோடு ஏறாதீர்கள்.

குமட்டலைவிட நான் அதிகம் பயப்படுவது நோரோ வைரஸ் வயிற்றுப்போக்குக்கு. தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் வாந்தியில் தொடங்கும், ஒரு பிள்ளைக்கு வந்தால் குடும்பம் முழுவதும் அறையில் அடைபட வேண்டியிருக்கும். உணவுக்கூட வாசலில் பிழிந்து விடும் கிருமிநாசினி இந்த வைரஸை நன்றாகக் கொல்வதில்லை. சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கையிலிருந்து கழுவி நீக்கும். பஃபே வாசலிலேயே கைகழுவும் தொட்டிகள் வைத்திருக்கும் கப்பல்கள் உண்டு, பிள்ளைகளின் கையை ஒவ்வொரு முறையும் அங்கே கழுவுங்கள். சிங்கப்பூரில் பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் அடிக்கடி பரவும் கை, கால், வாய்ப்புண் நோயும் ஒரு கவலைதான். கொப்புளத்தோடு வரும் பிள்ளையைக் கிளப்பில் சேர்க்கமாட்டார்கள், கப்பலேறும்போதே தடுக்கவும் கூடும். கிளம்புவதற்கு முன் சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்குவதானால் உள்ளரங்க விளையாட்டுக் கூடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

துறைமுகங்களில் பினாங்குதான் உங்களுக்கு ஏற்றது. கப்பல் ஜார்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹம் துறையில் கரையோடு சேர்ந்தே நிற்பதால், இறங்கி நடந்தால் சிறிது நேரத்தில் மணிக்கூண்டு, அதைத் தாண்டினால் கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னும் கொஞ்சம் நடந்தால் லிட்டில் இந்தியா. குவீன் வீதியில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலைப் பாட்டி பார்க்கட்டும். பக்கத்திலேயே இட்லியும் தோசையும் கிடைக்கும், பிள்ளைகள் முகம் மலர்ந்து சாப்பிடுவார்கள். காலை ஒன்பது மணிக்குள் இறங்கி, வெயில் ஏறிப் பன்னிரண்டு ஆவதற்குள் கப்பலுக்குத் திரும்பி, மதியத் தூக்கம் போட்டுவிட வேண்டும். புக்கெட் அப்படியல்ல. பாத்தோங் விரிகுடாவில் கப்பல் நடுக்கடலில் நங்கூரமிட்டு, டெண்டர் எனப்படும் சிறு படகுகளில் ஏற்றி இறக்கும் ஏற்பாடு என்றால், வரிசையில் காத்திருப்பு, ஆடும் படகு, மடித்த தள்ளுவண்டி, தோளில் பிள்ளை என்று போகவே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். கணவரும் பாட்டியும் மகளை அழைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போகட்டும்; நீங்களும் மகனும் கப்பலிலேயே இருங்கள். எல்லோரும் இறங்கிவிட்ட கப்பலின் அமைதியை ஒருமுறை அனுபவித்தவர்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் எந்த நேரத்தைப் பின்பற்றுகிறது என்பதை இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தள்ளுவண்டி குடைபோல் மடியும் குறுகிய வகையாக இருக்கட்டும். அகலமானது கேபின் கதவில் நுழையாது, நடைபாதையில் நிறுத்திவைக்கவும் விடமாட்டார்கள்.

ஆவணங்களில் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் தவறவிடுவது ஒன்று: கப்பலேறியதும் சிங்கப்பூரை விட்டு வெளியேறியவர்களாகிவிடுகிறீர்கள், திரும்பி இறங்குவது இரண்டாவது நுழைவு, ஆகவே பலமுறை நுழையும் விசா ஐவருக்கும் வேண்டும். சிறுவர்களின் கடவுச்சீட்டு 5 ஆண்டுகளே செல்லும் என்பதால் மகளுடையது முடியும் தறுவாயில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், 6 மாதமாவது மிச்சமிருக்க வேண்டும். மலேசியாவும் தாய்லாந்தும் அண்மை ஆண்டுகளில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளித்துவந்தாலும் நிபந்தனைகள் மாறுவதால் பயண மாதத்தில் மறுபடி சரிபாருங்கள். பயணச்சீட்டு விலையோடு துறைமுக வரியும் ஒவ்வொரு நாளுக்குமான சேவைக் கட்டணமும் தனியே சேரும். சில நிறுவனங்கள் 2, 3 வயதுக்குக் குறைந்தவர்களுக்குச் சேவைக் கட்டணத்தை விட்டுவிடுகின்றன, சில எல்லாத் தலைக்கும் வாங்குகின்றன.

மெரினா பே கப்பல் முனையத்தில் நீங்கள் ஒப்படைக்கும் பெட்டிகள் அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். மாற்றுடை, அன்றைய டயப்பர், மருந்து, பால், நீச்சல் உடை ஆகியவை உங்கள் தோள்பையில் இருக்க வேண்டும். கப்பல் கிளம்பும்போது மேல்தளத்தில் நின்று கையசைப்பது அழகான காட்சிதான், ஆனால் சங்கு ஊதும் சத்தம் நெஞ்சை அதிரவைக்கும்; அதற்கு முன்பே மகனின் காதுகளைப் பொத்திக்கொள்ளுங்கள்.

டிசம்பரா, பிறகா என்பதில் என் கருத்து இது. பெரியவர்களின் ஓய்வுதான் முதல் நோக்கம் என்றால், ஆண்டுத் தேர்வு முடிந்த ஏப்ரல் கடைசி வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். மகனுக்கு அப்போது 3 நிறைந்திருக்கும், அதற்குள் டயப்பரும் விட்டுவிட்டால் இருவரையும் ஒரே கிளப்பில் விடலாம். கடலும் அப்போது பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பாட்டி உடன் வருவதையும் எல்லோரும் சேர்ந்திருப்பதையுமே பெரிதாக நினைக்கிறீர்கள் என்றால் டிசம்பரிலேயே போங்கள், நர்சரி உள்ள கப்பலாகப் பாருங்கள். கப்பலில் கால் வைத்ததும் எல்லோரும் பஃபேக்கு ஓடுவார்கள். கணவரும் பாட்டியும் பிள்ளைகளோடு அங்கே போகட்டும். நீங்கள் மட்டும் நேராக நர்சரிக்குப் போய், நான்கு நாளுக்கும் மதியம் இரண்டு மணி நேரம் பதிவு செய்துவிட்டு, அதன் பிறகு சாப்பிட வாருங்கள்.